கூட்டம் இல்லாத கடற்கரை: வேலூரிலிருந்து சனி, ஞாயிறுக்கு எங்கே போகலாம்?

சத்துவாச்சாரி அக்கா:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் நாலு பேர்: நான், வீட்டுக்காரர், மாமியார், எட்டாவது படிக்கும் மகள். ஆனி பிறந்தும் வேலூர் வெயில் குறையவில்லை. சுற்றிலும் பாறை மலை, ராத்திரியிலும் அனல் அடிக்கிறது. கடல் காற்று வாங்க வேண்டும். சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்பி ஞாயிறு ராத்திரிக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். மகாபலிபுரம், கோவளம், பாண்டிச்சேரி வேண்டாம். வார இறுதியில் அங்கே வண்டி நிறுத்தவே இடம் கிடைப்பதில்லை. மாமியாருக்கு முட்டி வலி, மணலில் ரொம்ப தூரம் நடக்க மாட்டார். கடலையோ உப்பங்கழியையோ பார்த்தபடி சும்மா உட்கார ஓர் இடம் போதும். கார் இருக்கிறது. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

குடியாத்தம் தம்பி:

அக்கா, எனக்கும் இதே கேள்விதான். ஆனால் எங்களிடம் கார் இல்லை, பஸ்ஸில் போக வேண்டும். பதில் சொல்பவர்கள் பஸ் வழியையும் சேர்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

வாலாஜா வாத்தியார்:

அம்மா, வண்டியைச் சென்னைப் பக்கம் திருப்பாதீர்கள். நம் பக்கத்து ஆட்கள் கடல் என்றதும் பெங்களூர் நெடுஞ்சாலையைப் பிடித்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் போகிறார்கள். கடைசியில் கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள். சனி, ஞாயிறு என்றால் சென்னையில் பாதிப் பேர் அந்தத் துண்டில்தான் இருப்பார்கள். நமக்கு அமைதியான கடல் இருக்கும் திசை தென்கிழக்கு.

அந்த வழியைப் பாலாறே காட்டிக்கொடுக்கிறது. நந்தி மலையில் பிறந்து மொத்தம் 348 கிலோமீட்டர். அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில். வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆற்காடு, காஞ்சிபுரம், செங்கல்பட்டு என்று வந்து, கல்பாக்கத்துக்குத் தெற்கே வாயலூர்ப் பக்கம் கடலில் கலக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை அங்கே ஆற்றைப் பாலம் போட்டுத் தாண்டுகிறது. பக்கத்திலேயே தடுப்பணை கட்டியிருக்கிறார்கள், கடல் நீர் உள்ளே ஏறாமல் நல்ல தண்ணீர் நிற்பதற்காக. காட்பாடிப் பாலத்திலிருந்து வெறும் மணலாகவே பாலாற்றைப் பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு அந்த இடத்தைக் கட்டாயம் காட்ட வேண்டும் என்பது என் ஆசை. நம் ஆறு போய்ச் சேரும் இடத்தை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

அந்தப் பாலத்திலிருந்து தெற்கே மரக்காணம் வரை உள்ள கரைதான் நான் சொல்ல வருவது. ஒரு பக்கம் சவுக்குத் தோப்பு, பனை, தென்னை. இன்னொரு பக்கம் உப்பங்கழிகள். நடுநடுவே மீனவர் குப்பங்கள். பெரிய கடைத்தெரு கிடையாது. அதனாலேயே கூட்டமும் இல்லை.

உங்களுக்கு நான் சொல்வது ஆலம்பரை. கடப்பாக்கத்தில் கிழக்கே திரும்பினால் கழி ஓரத்தில் இடிந்த கோட்டை. வேலூரிலிருந்து ஆற்காடு, செய்யாறு, வந்தவாசி, மேல்மருவத்தூர், சூனாம்பேடு வழியாகப் போனால் சுமார் 150 கிலோமீட்டர். ஐந்து மணிக்குக் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம். வந்தவாசி வரை பழைய வட ஆற்காடு மாவட்டத்துச் சாலைதான், நெல் வயலும் ஏரிக்கரையுமாக. காலை நேரத்தில் ஓட்ட சுகமாக இருக்கும்.

கோட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பெண்ணுக்கு உதவும். நவாபுகள் காலத்தில் இது துறைமுகம். உப்பும் நெய்யும் துணியும் கப்பல் ஏறின. நாணயம் அடிக்கும் சாலையும் இருந்தது, ஆலம்பரை வராகன் என்றே பெயர். 1750-இல் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே கைக்கு வந்தது. 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் ஐர் கூட்டின் ஆங்கிலப் படை லாலியின் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்தது. அதே வருடம் ஆலம்பரையையும் பிடித்து இடித்துப் போட்டார்கள். ஆக, நீங்கள் காலையில் தாண்டிப்போகும் ஊரில் நடந்த சண்டையின் விளைவை அன்றைக்கே கடற்கரையில் கண்ணால் பார்க்கலாம். பள்ளிப் புத்தகத்தில் ஒற்றை வரியாகப் போகிற விஷயம் அங்கே நின்றால் மனதில் பதியும்.

மதில் துண்டுகளை நெருங்கிப் பாருங்கள். மெல்லிய செங்கல், நடுவில் தடிமனான சுண்ணாம்புக் காரை. பல இடங்களில் உப்புக் காற்று செங்கல்லை அரித்துவிட்டது, காரை மட்டும் வரி வரியாகப் புடைத்து நிற்கிறது. மேலே ஏறாதீர்கள். பல துண்டுகள் அடியில் மண் அரித்து அந்தரத்தில் நிற்கின்றன.

ஆரணி பட்டு:

வாத்தியார் ஐயா சொன்னதை வழிமொழிகிறேன். ஆனால் ஆலம்பரையில் நிழல் குறைவு. கழிப்பறை, சாப்பாட்டுக் கடை எதையும் எதிர்பார்க்காதீர்கள். வயதானவர்களோடும் பெண் பிள்ளைகளோடும் போகிறவர்களுக்கு இதுதான் முதல் பிரச்சினை, யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை.

அதற்கு நான் கண்ட வழி முதலியார்குப்பம். கடப்பாக்கத்துக்கு வடக்கே, சாலை ஓரத்திலேயே தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாம் இருக்கிறது. ஓதியூர்க் கழி அங்கே அகலமாக விரிந்திருக்கும். வண்டியை நிறுத்திச் சில அடி நடந்தால் தண்ணீர். உங்கள் மாமியார் நிழலில் உட்கார்ந்து கழியைப் பார்க்கலாம், நீங்கள் மூவரும் படகில் அக்கரை மணல்திட்டுக்குப் போய் வரலாம். திட்டுக்கு அந்தப் பக்கம் கடல். உயிர்க்காப்பு மேலாடை கொடுக்கிறார்கள், வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். மதியத்துக்கு மேல் சென்னையிலிருந்து வண்டிகள் வந்துவிடும். காலையில் படகு எடுக்கத் தொடங்கும்போதே போய்விடுங்கள்.

அரக்கோணம் லோக்கல்:

ரயில் வசதி உள்ளவர்களுக்கு என் ஓட்டு பழவேற்காடுதான். காட்பாடியிலிருந்து சென்ட்ரல், அங்கிருந்து கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் பொன்னேரி, பொன்னேரியில் பழவேற்காடு பஸ். சென்னைக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் மெரினா கூட்டத்தில் கொஞ்சம்கூட அங்கே வருவதில்லை. உப்பு நீர் ஏரிகளில் இந்தியாவில் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்த பெரியது. டச்சுக்காரர்கள் 1613-இல் கோட்டை கட்டிய ஊர். கோட்டை இப்போது புதர்தான், ஆனால் கல்லறைத் தோட்டம் நன்றாக இருக்கிறது. வாசல் தூண்களில் எலும்புக்கூடு செதுக்கியிருப்பார்கள். கல்லறைக் கற்களில் பூவேலையும் கேடயச் சின்னமும் இன்றும் கூர்மையாகத் தெரிகின்றன.

ஏரியையும் கடலையும் பிரிக்கும் மணல் கரையில் கலங்கரை விளக்கம். அந்தப் பக்கக் கடற்கரையில் கடை கண்ணி எதுவும் இல்லை. நண்டும் இறாலும் அங்கே வாங்கினால் ருசியே தனி.

கோட்டை மைதானம்:

அரக்கோணம் அண்ணா, பழவேற்காடு அருமையான ஊர், மறுக்கவில்லை. ஆனால் படகு விஷயத்தை எழுதாமல் விட்டுவிட்டீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று சுற்றிப் பார்க்கப் போன குடும்பங்கள் ஏறிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு அங்கே சுற்றுலாப் படகுக்குத் தடை போட்டார்கள். கரையில் யாராவது 'வாங்க, முகத்துவாரம் வரைக்கும் கூட்டிட்டுப் போறேன்' என்று கூப்பிட்டாலும் ஏறாதீர்கள். அது மீன் பிடிக்கிற படகு, ஆள் ஏற்றுகிற படகு அல்ல. பூநாரைகளைக் கரையிலிருந்தே பார்க்கலாம். அவையும் மழைக்காலம் முடிந்து கார்த்திகை, மார்கழிக்கு மேல்தான் கூட்டமாக நிற்கும். ஆனி, ஆடியில் போய்விட்டு ஏமாந்தேன் என்று சொல்லக்கூடாது.

அரக்கோணம் லோக்கல்:

சரியாகச் சொன்னீர்கள். படகு வேண்டவே வேண்டாம். நான் சொன்னது கரையோடு போகிறவர்களுக்கு.

ராத்திரி ஷிஃப்ட்:

நான் மருத்துவமனையில் வேலை செய்கிறேன். ஓய்வு நாளில் சத்தம் இல்லாத இடம் தேடி அலைகிறவள் என்பதால் இந்தப் பேச்சில் கலந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. நான் போகிற வழி வேறு: காஞ்சிபுரம், வாலாஜாபாத், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், சதுரங்கப்பட்டினம். இது பாலாற்றை ஒட்டியே போகும் வழி.

வாலாஜாபாத் தாண்டியதும் பழைய சீவரம். அதற்கு எதிர்க்கரையில் திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் சேரும் இடம். அங்கே உள்ள பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு. 11-ஆம் நூற்றாண்டிலேயே அங்கே 15 படுக்கைகளோடு ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை, நடந்ததையும், வைத்தியர், மருந்து சேகரிப்பவர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் என்று ஒவ்வொருவருக்கும் இவ்வளவு நெல் என்பதையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். வார்டு வேலை பார்க்கும் எனக்கு அந்தச் சுவருக்கு முன்னால் நின்றபோது உடம்பு சிலிர்த்தது. கடலுக்குப் போகும் வழியில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக் கோட்டை இருக்கிறது, மத்தியத் தொல்லியல் துறை பராமரிக்கிறது. செங்கல் மதில், தானியக் கிடங்கு, உள்ளே சுற்றுச்சுவர் கட்டிய கல்லறைத் தோட்டம். மாமல்லபுரத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் உள்ளே பத்துப் பேரைப் பார்ப்பது அபூர்வம். மதிலுக்கு வெளியே கடல். ஆனால் பக்கத்தில் கல்பாக்கம் அணுமின் நிலையம் இருப்பதால் அந்தத் திசையில் கேமராவைத் திருப்பாதீர்கள், காவலர்கள் தடுத்தால் வாக்குவாதம் செய்யாதீர்கள்.

இப்போது முக்கியமான விஷயம். கூட்டம் இல்லாத கடற்கரை என்றால் உயிர்காப்பாளரும் இல்லாத கடற்கரை. நம் ஊர்ப் பிள்ளைகள் கிணற்றிலும் ஏரியிலும் நீந்திப் பழகியவர்கள். கடல் அப்படி இல்லை. அலை கரையேறிய தண்ணீர் எங்காவது ஓர் இடத்தில் குறுகலான ஓட்டமாகத் திரும்பிக் கடலுக்குள் போகும். அந்த இடத்தில் அலை குறைவாக, அமைதியாகத் தெரியும். பார்க்கிறவர்கள் அங்கேதான் இறங்குவார்கள். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தக் கூடாது, எவ்வளவு பலசாலியும் தளர்ந்துவிடுவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்தை விட்டு வெளியே வந்த பிறகுதான் கரைக்குத் திரும்ப வேண்டும். நீந்தத் தெரியாதவர்கள் முட்டிக்கு மேல் தண்ணீரில் இறங்கவே வேண்டாம். முகத்துவாரங்களில், பாலாறு கடலில் சேரும் இடமானாலும் ஆலம்பரைக் கழியானாலும், கால்கூட வைக்காதீர்கள். நேற்று மணலாக இருந்த இடம் இன்று ஆழமாக இருக்கும். தண்ணீரில் மூழ்கி வருகிறவர்களைப் பார்க்கிற இடத்தில் இருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சத்துவாச்சாரி அக்கா:

ராத்திரி ஷிஃப்ட் தங்கச்சி, இதை மகளுக்குப் படித்துக் காட்டிவிட்டேன். ரொம்ப நன்றி.

போளூர் மலையடி:

எல்லோரும் ஊர்ப் பெயரைப் பெயராக எழுதிக்கொண்டே போகிறீர்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. இரண்டு வருடம் முன்னால் அமைதியாக இருந்த ஒரு குப்பத்துக் கரையை இப்போது பார்க்க முடியவில்லை. யாரோ வீடியோ போட்டார்கள், கூட்டம் கூட்டமாக வந்தார்கள். மணல் முழுக்கக் கண்ணாடிச் சில்லு. வலை இழுக்கும் ஆட்கள் வெறுங்காலோடு நடக்கிற மணல் அது. நம் வீட்டுத் திண்ணையில் வேற்று ஆள் ராத்திரி வந்து குடித்துவிட்டு பாட்டிலை உடைத்துப் போட்டால் பொறுப்போமா? மீனவர்களுக்குக் கரை அப்படித்தான். படகும் அங்கேதான், வலை பின்னுவதும் அங்கேதான், கருவாடு காய்வதும் அங்கேதான்.

வாலாஜா வாத்தியார்:

தம்பி கோபம் நியாயமானது. ஆனால் நாம் இங்கே எழுதிய ஊர்கள் எல்லாம் ஏற்கெனவே சாலைப் பலகையில் இருப்பவை. பெயரை மறைப்பதைவிட எப்படி நடந்துகொள்வது என்பதைச் சேர்த்து எழுதுவதுதான் பயன் தரும் என்று நினைக்கிறேன். குப்பத்துக்குள் வண்டியை ஓட்டிப்போய்க் கரையில் நிறுத்தாதீர்கள். சாலை ஓரமாக நிறுத்தி, முதலில் பார்க்கிற பெரியவரிடம் 'ஐயா, இந்தப் பக்கம் கொஞ்ச நேரம் உட்காரலாமா?' என்று கேளுங்கள். எங்கே ஆழம், எங்கே உட்காரலாம் என்று அவரே சொல்லுவார். கரையில் காயும் வலையை மிதிக்கக் கூடாது. ஆட்களைக் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. கொண்டுபோன குப்பையைக் காரிலேயே திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

போளூர் மலையடி:

இதை இவ்வளவு தெளிவாக எழுதியதற்கு நன்றி ஐயா. அப்படிப் போகிறவர்கள் போகட்டும். வீடியோ மட்டும் வேண்டாம் என்பதில் மாற்றமில்லை.

செய்யாறு செல்வி:

குடியாத்தம் தம்பிக்கு யாரும் பதில் சொல்லவில்லையே! தம்பி, வேலூரிலிருந்து திண்டிவனம் வந்துவிடு. திண்டிவனத்திலிருந்து மரக்காணத்துக்கு பஸ் இருக்கிறது. மரக்காணம் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே இருப்பதால் அங்கிருந்து வடக்கே கடப்பாக்கத்துக்கும் தெற்கே பாண்டிச்சேரிக்கும் போகலாம். விரைவு வண்டிகள் எல்லா இடத்திலும் நிற்காது, ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்.

மரக்காணத்தைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல ஆசை. எல்லோரும் கடலைப் பார்க்கத்தான் அங்கே இறங்குகிறார்கள். எனக்குப் பிடித்தது உப்பளம். இப்போது உப்பு எடுக்கும் பருவம்தான். விடியற்காலையில் வேலை ஆரம்பித்துவிடும். பாத்தியில் நிற்கும் உவர்நீரின் மேல் மெல்லிய ஏடு படியும். நீண்ட கம்பில் பலகை கட்டிய வாருகோலால் அதை இழுத்து வரப்பில் குவிப்பார்கள். ஈரம் வடியும் வரை குவியல் லேசான பழுப்பாக இருக்கும், காய்ந்த பிறகுதான் வெள்ளை. அந்தப் பெண்கள் வெயிலுக்கு முன் வேலையை முடிக்க ஓடுவார்கள். வரப்பில் குறுக்கே நிற்காமல் சாலையிலிருந்தே பார்த்துவிட்டு வா. நாம் வீட்டில் ஒரு பிடி அள்ளிப் போடுவதற்குப் பின்னால் இருக்கும் உழைப்பைப் பார்த்தாலே பாதி மனசு நிறைந்துவிடும்.

பக்கத்தில் கழுவெளி என்ற பெரிய ஈரநிலம். 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், 2024-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. வலசைப் பறவைகளுக்கு இது பருவம் இல்லை. தை மாதத்தில் இன்னொரு தடவை வா.

குடியாத்தம் தம்பி:

செல்வி அக்கா, நீங்கள் இல்லையென்றால் பாண்டிச்சேரிக்கே போயிருப்போம். மரக்காணம்தான் முடிவு.

ஆம்பூர் தோல்ஷாப்:

மூன்று நாள் விடுமுறை கிடைத்தால் இந்தக் கரையோடு நிற்காதீர்கள், தரங்கம்பாடிக்குப் போங்கள். வேலூர் கண்டோன்மென்ட்டிலிருந்து திருவண்ணாமலை, விழுப்புரம் வழியாகச் சிதம்பரம் பக்கம் போகும் ரயில் உண்டு, தினசரி இல்லை, நாள் பார்த்து முன்பதிவு செய்ய வேண்டும். 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை கடலைப் பார்த்தபடி நிற்கிறது. கடல் தின்றது போக மீதி நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில் கரை ஓரத்திலேயே இருக்கிறது. சாயங்காலம் உள்ளூர்க் குடும்பங்கள் மட்டும் வந்து உட்காருவார்கள். சனி, ஞாயிறு மட்டும் என்றால் பயணத்திலேயே நேரம் போய்விடும், அக்காவுக்கு ஒத்துவராது.

கோட்டை மைதானம்:

மீன் பற்றி யாரும் பேசவில்லை. விசைப்படகுகளுக்கான 61 நாள் தடைக்காலம் ஜூன் 14-ஓடு முடிந்துவிட்டது, அதனால் இப்போது வரத்து நன்றாக இருக்கும். குப்பங்களில் ஃபைபர் படகுகள் காலையில் கரையேறும்போது ஏலம் நடக்கும். சங்கரா, நெத்திலி, கழியில் பிடித்த மடவை எல்லாம் துள்ளத் துள்ளக் கிடைக்கும். வேலூர் வரை கொண்டுவர வேண்டுமென்றால் ஐஸ் பெட்டி எடுத்துப் போங்கள். சுத்தம் செய்து, தண்ணீர் வடித்து, ஐஸில் அடுக்கினால் ராத்திரி வீட்டில் குழம்பு வைக்கலாம். கழி மீனுக்குப் புளி கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும் என்பது எங்கள் அம்மா சொல்.

சத்துவாச்சாரி அக்கா:

எல்லோருக்கும் நன்றி. இப்படிப் போட்டிருக்கிறோம்: போகும்போது திருமுக்கூடல் வழியாக, பாலாறு கடலில் சேரும் பாலம், முதலியார்குப்பம். ராத்திரி கிழக்குக் கடற்கரைச் சாலையில் தங்கல். ஞாயிறு காலை ஆலம்பரை, மதியம் வந்தவாசி வழியாகத் திரும்பல். ஒரே ஒரு சந்தேகம். ஆலம்பரையில் மாமியார் எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கும்? அவர் காரிலேயே உட்கார்ந்திருக்க வேண்டி வந்தால் எனக்குப் போக மனசு வராது.

வாலாஜா வாத்தியார்:

கவலை வேண்டாம் அம்மா. கோட்டைக்குப் பக்கம் வரை வண்டி போகும். இறங்கியதும் மண் பாதை, சமமாகத்தான் இருக்கும். மடக்கு நாற்காலி ஒன்றும் குடை ஒன்றும் எடுத்துப் போங்கள். கழி தெரிகிற பக்கமாக, மதிலிலிருந்து தள்ளி நாற்காலியைப் போட்டால் அவர் அங்கேயே உட்கார்ந்து தண்ணீரையும் படகுகளையும் பார்க்கலாம். எட்டு மணிக்குள் போய்ச் சேருங்கள், பத்து மணிக்கு மேல் வெயில் நிற்க விடாது. காலைச் சாப்பாட்டைக் கடப்பாக்கம் கடைத்தெருவிலேயே முடித்து, குடிதண்ணீரும் அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள். திரும்பும்போது சூனாம்பேட்டுக்கு எந்தப் பக்கம் என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். உள்சாலையில் திருப்பங்கள் அதிகம், வழிகாட்டிப் பலகையை மட்டும் நம்பிப் போக வேண்டாம்.